பட்டறையிலிருந்து ஆலைக்கு: யேல் குடும்பமும் திறவுகோற் கைத்தொழிலும்

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நெசவாலையையும் நீராவி யந்திரத்தையும் புகையிரதப் பாதையையுமே முதன்மைப்படுத்துவர். அவற்றின் பருமனும் அவை ஈர்த்த மூலதனமும் அத்தகைய முதன்மையை அவற்றுக்கு உரித்தாக்குகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும், கைப்பணியொன்று கைத்தொழிலாக மாறும்போது அதன் உள்ளே நிகழ்வது யாது என்பதை அறிய விழைவோர்க்குச் சிறிய பொருள்களின் வரலாறு சில வேளைகளிற் கூடுதலான வெளிச்சத்தைத் தருகின்றது. திறவுகோல் அத்தகையதொரு பொருள். இலங்கைத் தமிழர் தம் பேச்சு வழக்கில் அதனைத் 'திறப்பு' என்பர்; செயலின் பெயரையே கருவிக்கும் இட்டு வழங்குமளவுக்கு அது அன்றாட வாழ்வோடு ஒன்றிவிட்டது. அன்றாடப் பொருளாகிவிட்டமையாலேயே அதன் வரலாறு கவனிக்கப்படாது போயிற்று எனலாம்.

இன்று சட்டைப்பையில் அடங்கும் தட்டையான சிறு திறவுகோலின் வடிவம் 1860களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், யேல் என்னும் குடும்பத்தின் பட்டறையில் உருவாயிற்று. தந்தை லைனஸ் யேல், அதே பெயர் கொண்ட மகன் லைனஸ் யேல் ஆகிய இருவரது உழைப்பின் பயன் அது. ஆனால் அப்பட்டறை பேராலையாக விரிந்தபோது குடும்பம் அதன் தலைமையில் இருக்கவில்லை. பெயர் மட்டுமே இருந்தது. குடும்பத் தொழிலொன்று வளர்ந்து பெருங் கைத்தொழிலாயிற்று என்று வழக்கமாகச் சொல்லப்படும் கதை இவ்விடத்தில் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே ஆராயத்தக்கது.

பழைய திறவுகோல் கொல்லனின் உலைக்களத்திற் பிறந்தது. இரும்புக் கோலொன்றைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு முனையைத் தட்டையாக்கித் துளையிட்டுப் பிடிவளையமாக விரிப்பர். மறுமுனையை அடித்துப் பரப்பிப் பல்லாக்குவர். இடையிலுள்ள தண்டை உருட்டிச் சீர்செய்வர். அதன் பின்னர் வருவதே நுண்ணிய வேலை. பூட்டின் உள்ளே, திறவுகோலின் சுழற்சிக்குக் குறுக்காக நிற்கும் உலோகத் தடைகள் எங்கெங்கு உள்ளனவோ அங்கங்கே பல்லில் இடைவெளி விட்டு அரத்தால் அராவுதல் வேண்டும். பூட்டை முதலிற் செய்து, அதற்கு இசையத் திறவுகோலைச் சிறிது சிறிதாக அராவிப் பொருத்திப் பார்த்து, மீண்டும் அராவிப் பொருத்துவதே முறை. ஆகவே ஒவ்வொரு திறவுகோலும் ஒரு பூட்டுக்கு மட்டுமே உரிய தனிப்பொருள். அதன் அளவுகள் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. செய்தவனின் கையிலும் கண்ணிலுமே இருந்தன.

இத்தனை உழைப்புக்குப் பின்னரும் பழைய பூட்டுத் தந்த காவல் மிகச் சொற்பம். தடைகளைத் தவிர்த்துச் செல்லும்படி பல்லின் பெரும்பகுதியை வெட்டியெறிந்த கள்ளத் திறவுகோலொன்று பல பூட்டுகளைத் திறந்துவிடும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வணிகச் செல்வம் பெருகியபோதே இக்குறை பாரதூரமானதாக உணரப்பட்டது. 1778இல் றொபேட் பரன் என்பவர், திறவுகோல் சரியான அளவுக்கு உயர்த்தினாலன்றி அசையாத நெம்புகளைக் கொண்ட பூட்டுக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1784இல் ஜோசப் பிறாமா முற்றிலும் வேறான உருளைப் பூட்டொன்றை வெளியிட்டார். பிறாமாவின் பூட்டுக்கு வேண்டிய நுண்ணளவுகளைக் கைவேலையால் எட்டுவது அரிதாயிருந்தமையால், அவரது பட்டறையிற் சேர்ந்த ஹென்றி மோட்ஸ்லி என்னும் இளைஞர் அதற்கெனத் தனிப் பொறிகளை அமைத்தார். பின்னாளில் இங்கிலாந்தின் பொறியாக்கத் துறைக்கே தந்தையருள் ஒருவராகப் போற்றப்பட்ட மோட்ஸ்லி தம் கைவண்ணத்தைப் பயின்ற இடம் பூட்டுப் பட்டறை என்பது மனங்கொளத்தக்கது.

இங்கிலாந்திலும் ஒரு குடும்பம் இத்துறையிற் புகழ் பெற்றது. போர்ட்ஸ்மத் கடற்படைத் துறைமுகத்தில் 1817இல் நிகழ்ந்த ஒரு களவின் பின்னர், தனக்குரிய திறவுகோலாலன்றி வேறெதனாலும் திறக்கவியலாத பூட்டொன்றை ஆக்குவோர்க்கு அரசாங்கம் நூறு பவுண் பரிசு அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் என்பவர் தமது 'கண்டறியும் பூட்டு'க்கு ஆக்கவுரிமை பெற்று அப்பரிசையும் வென்றார். பிற கருவியால் எவரேனும் திறக்க முயன்றால் அப்பூட்டு இறுகி நின்று, முயற்சி நடந்தமையை உரியவருக்குக் காட்டிக் கொடுத்துவிடும். சிறைக் கப்பலிலிருந்த பூட்டுத் தொழில் தெரிந்த கைதியொருவன் விடுதலை கிடைக்கும் என்ற ஆசையுடன் மாதக்கணக்கில் முயன்றும் அதனைத் திறக்க முடியாது கைவிட்டான். ஜெரமையாவும் அவர் சகோதரர் சார்ள்ஸ் சப்பும் 1820இல் வூல்வர்ஹாம்ற்றனில் தம் தொழிலை நிலைநாட்டினர்.

வூல்வர்ஹாம்ற்றன் தெரிந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் வெளிப்படையானது. அதன் அயலிலுள்ள வில்லென்ஹோல் என்னும் சிற்றூர் முழுவதும் பூட்டுக்கும் திறவுகோலுக்கும் பட்டறையாயிருந்தது. வீட்டின் பின்புறத்திற் சிறு கொட்டில், ஓர் உலை, ஒரு பிடிகருவி, சில அரங்கள், இரண்டு மூன்று பயிலுநர்கள் என்பதே அங்குள்ள 'சிறு எசமானின்' உடைமை. கைப்பணியைப் பற்றிப் பேசும்போது அதனைச் சுதந்திரமும் அழகும் நிறைந்த வாழ்வாகக் காட்டும் போக்கு எழுத்தாளரிடையே உண்டு. வில்லென்ஹோல் அப்போக்குக்கு நல்லதொரு மறுப்பு. சிறுவர் தொழில் பற்றி ஆராய 1840இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவின் சார்பில் அங்கு சென்ற ஹோண் என்பவர், பயிலுநராக ஒப்படைக்கப்பட்ட சிறுவர் பட்ட அடியையும் பட்டினியையும் விரிவாகப் பதிவுசெய்தார். எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி 1845இல் வெளியிட்ட நூலில் அவ்வறிக்கையின் செய்திகளை எடுத்தாண்டுள்ளார். இளமையிலிருந்தே பிடிகருவியின் முன் ஒரு தோளைச் சாய்த்து நின்று அராவியமையால் அவ்வூரார் பலருக்கு முதுகு கூனிற்று. அயலார் அவ்வூருக்குக் 'கூனூர்' எனப் பொருள்படும் கேலிப் பெயரும் இட்டனர். திறவுகோலின் பல்லில் அரம் விட்ட தடம் ஒன்று. அராவியவனின் முள்ளந்தண்டில் விட்ட தடம் மற்றொன்று.

இப்பின்னணியில் அமெரிக்காவை நோக்குதல் வேண்டும். மூத்த லைனஸ் யேல் 1797இல் கனெற்றிக்கற் மாநிலத்தில் மிடில்ரவுணிற் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்துக்குத் தம் பெயரை ஈந்தவரும், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் ஆளுநராயிருந்தவருமான எலிகு யேலின் குலத்தோடு இக்குடும்பத்துக்குக் கிளைவழி உறவு உண்டு. ஆனால் எலிகு சேர்த்த செல்வத்துக்கும் பூட்டுத் தொழிலுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. லைனஸ் நியூயோர்க் மாநிலத்தின் ஹேக்கிமர் மாவட்டத்திற் குடியேறிப் பல்வகைப் பொறிகளையும் ஆக்குபவராக வாழ்ந்தார். கதிரடிக்கும் பொறி, மரமரியும் ஆலைக்குரிய உறுப்பு முதலியன அவர் சிந்தையில் உருவானவை. பூட்டை அவர் நாடியது நடுவயதில், 1840களிலேயே.

அக்காலத்தில் அவர் அதனை நாடியதற்குப் பொருளாதார வரலாற்றில் விடையுண்டு. 1838இல் நியூயோர்க் மாநிலம் வங்கிகளை அமைப்பதற்கான தடைகளைத் தளர்த்திச் சட்டமியற்றியது. அதன்பின் சிறு நகரங்களிலும் வங்கிகள் தோன்றின. ஒவ்வொரு வங்கியும் தன் பெயரில் நாணயத் தாள்களை வெளியிட்டது. அவற்றுக்கு ஈடாகப் பொன், வெள்ளிக் காசுகளைப் பெட்டகத்தில் வைத்திருந்தது. நாடெங்கும் சிதறிக் கிடந்த இப்பெட்டகங்கள் யாவும் நல்ல பூட்டை வேண்டி நின்றன. ஈரி கால்வாய் 1825இல் திறக்கப்பட்ட பின்னர் மோகோக் பள்ளத்தாக்கு வணிகப் பெருவழியாயிருந்தது. ஹேக்கிமர் மாவட்டத்திலேயே இலியன் என்னும் ஊரில் ரெமிங்ரன் குடும்பத்தின் துப்பாக்கித் தொழிலகமும் இயங்கியது. நுண்ணிய உலோக வேலை அறிந்தோரை அப்பகுதியிற் காண்பது கடினமன்று. இச்சூழலில், நியூபோட் என்னும் சிற்றூரில், மூத்த யேல் பூட்டுப் பட்டறையை நடத்தினார்.

அவர் கையாண்ட தத்துவம் புதியதன்று, மிகப் பழையது. பண்டை எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் வழங்கிய மரப்பூட்டில், தாழினுள் மேலிருந்து சில முளைகள் விழுந்து அதனை அசையவொட்டாது பிடித்துக்கொள்ளும். அதே ஒழுங்கில் முளைகள் பதித்த ஒரு மரக்கோலை உட்செலுத்தி உயர்த்தினால் தாழ் விடுபடும். உரோமரின் உலோகப் பூட்டுகள் பரவிய பின்னர் ஐரோப்பா இத்தத்துவத்தைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தது. மூத்த யேல் அதனை உலோகத்திற் புதுப்பித்து, முளைகளை உருளையொன்றினுள் அமைத்தார். எனினும் அவர் செய்தவை வங்கிகளுக்கான விலையுயர்ந்த பூட்டுகள். ஒவ்வொன்றும் தனித்தனியே கையாற் செய்யப்பட்டது. தந்தையின் காலத்தில் யேல் பட்டறை கைப்பணியின் உச்சத்தைத் தொட்டதேயன்றி அதனைக் கடக்கவில்லை.

மகன் 1821இற் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் உருவப்படம் தீட்டும் ஓவியராயிருந்தார். ஓவியத்தை விட்டுப் பூட்டுக்கு வந்த பின்னரும் வரைபடக் கலையில் அவருக்கிருந்த தேர்ச்சி பயனற்றுப் போகவில்லை. 1850களில் அவர் வங்கிகளுக்கென ஆக்கிய பூட்டில் திறவுகோலின் தலைப்பகுதி தண்டினின்று பிரிந்து, பூட்டின் உள்ளே துவாரத்துக்கு எட்டாத இடத்துக்குச் சென்று தொழிற்பட்டது. அதற்கிடையில் துவாரம் தானே மூடிக்கொண்டது. மிக நுட்பமான அமைப்பு. மிகச் சிக்கலானதும் கூட.

அவ்வாண்டுகள் பூட்டுத் திறப்போரின் போட்டிக் காலம். 1851இல் இலண்டனில் நடைபெற்ற பெருங் கண்காட்சிக்கு நியூயோர்க் நகரிலிருந்து சென்ற அல்பிரட் ஹொப்ஸ், சப் பூட்டை ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடத்திற் திறந்தார். ஆறு தசாப்தமாக எவராலும் திறக்கப்படாது கடைச் சாளரத்தில் அறைகூவல் விடுத்துக்கொண்டிருந்த பிறாமாவின் பூட்டைப் பதினாறு நாள்களில், மொத்தம் ஐம்பத்தொரு மணித்தியாலம் முயன்று திறந்து, இருநூறு கினிப் பரிசைப் பெற்றார். இங்கிலாந்துப் பத்திரிகைகள் இதனைத் தேசிய அவமானமாகவே கருதின. ஆனால் ஹொப்ஸ் தாம் விற்க முயன்ற அமெரிக்கப் பூட்டைச் சில ஆண்டுகளுட் திறந்து காட்டியவர் இளைய யேல். ஒரு கைவல்லுநன் தன் நுட்பத்தாற் பூட்டியதை மற்றொரு கைவல்லுநன் தன் நுட்பத்தாற் திறந்துவிடுவான் என்பதே இப்போட்டிகளின் முடிபு. நுட்பத்தின் மேல் நுட்பத்தை அடுக்குவதால் இதற்குத் தீர்வு காண முடியாது என்பதை யேல் பிறரைக் காட்டிலும் முந்தி உணர்ந்தார் எனத் தோன்றுகின்றது.

அவர் இரு வழிகளிற் சென்றார். வங்கிப் பெட்டகத்தைப் பொறுத்தவரை, திறவுகோற் துவாரமே ஆபத்தானது எனக் கண்டார். களவாளர் அதனூடே வெடிமருந்தைச் செலுத்திக் கதவைத் தகர்த்து வந்தனர். எனவே துவாரமே இல்லாத, எண்வட்டைச் சுழற்றித் திறக்கும் பூட்டை அவர் விருத்தி செய்தார். அதாவது, திறவுகோல் தொழிலிற் புகழ்பெற்ற குடும்பம் தன் மிகச் சிறந்த வாடிக்கையாளரின் கதவிலிருந்து திறவுகோலை நீக்கியது. திறவுகோலுக்கு எஞ்சியது சாதாரண மக்களின் கதவு. இவ்விடப்பெயர்ச்சியே முழு வரலாற்றின் திருப்புமுனை. வங்கிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. வீடுகளும் அலுவலகங்களும் மேசை இழுப்பறைகளும் கோடிக்கணக்கில் இருந்தன. ஆனால் அவற்றின் உரிமையாளர் வங்கியைப் போலப் பெருவிலை கொடுக்கமாட்டார். மலிவான பூட்டொன்று நல்ல காவலைத் தருவதற்கு அதன் அமைப்பே மாறவேண்டியிருந்தது.

1861இலும் 1865இலும் இளைய யேல் பெற்ற ஆக்கவுரிமைகள் அம்மாற்றத்தைக் குறிக்கின்றன. அசையாத ஓர் உருளைக் கூட்டினுள் சுழலக்கூடிய உள்ளுருளை ஒன்று. இரண்டையும் ஊடறுத்துச் செல்லும் ஒரு நிரல் துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழ்முளை ஒன்றும் மேல்முளை ஒன்றும். அவற்றை அழுத்தி நிற்கும் சுருள்வில். திறவுகோல் இல்லாதபோது மேல்முளைகள் இரு உருளைகளையும் ஊடுருவி நின்று சுழற்சியைத் தடுக்கும். உரிய திறவுகோல் நுழைந்ததும் அதன் விளிம்பிலுள்ள மேடுபள்ளங்கள் ஒவ்வொரு முளைச்சோடியையும் வேண்டிய அளவுக்கு உயர்த்த, சோடிகள் பிரியும் இடங்கள் யாவும் உள்ளுருளையின் எல்லையில் ஒரே கோட்டில் அமையும். அப்போது உள்ளுருளை சுழலும். ஒரு முளை மயிரிழையளவு கூடினும் குறையினும் சுழலாது.

தந்தையின் தத்துவத்தை மகன் சிறிதாக்கினார் என்று மட்டும் இதனைச் சொல்லிவிட முடியாது. முதலாவதாக, திறவுகோல் இனி வார்ப்பதற்கோ அடிப்பதற்கோ உரிய பொருளன்று. உருட்டித் தட்டையாக்கிய உலோகத் தகட்டிலிருந்து அச்சினால் வெட்டியெடுக்கும் துண்டு. உலைக்கு அங்கே இடமில்லை. அடுத்து, பழைய திறவுகோலின் நீளம் கதவின் தடிப்பைப் பொறுத்திருந்தது. தடித்த கதவுக்கு நீண்ட திறவுகோல் வேண்டும். யேல் உருளையைக் கதவின் வெளிமுகத்துக்குக் கொண்டுவந்து, அதனைப் பூட்டோடு ஒரு சிறு சட்டத்தால் இணைத்தார். எனவே கதவு எத்தடிப்பினதாயினும் திறவுகோல் ஒரே அளவினதாயிற்று. கோவில் திறப்பைப் போல இடுப்பிற் செருகித் திரியவேண்டிய பொருள், சட்டைப்பையிற் பிற திறப்புகளோடு கோத்து வைக்கும் பொருளாகியது.

ஆயினும் ஆழமான மாற்றம் வேறொன்று. பூட்டுக்கும் பூட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இப்போது எண்களால் ஆனது. ஐந்து முளைகள் இருந்து ஒவ்வொன்றும் பத்து வேறு நீளங்களுள் ஒன்றைப் பெறக்கூடுமாயின், கோட்பாட்டளவில் ஒரு இலட்சம் வேறுபட்ட பூட்டுகள் சாத்தியமாகும். பூட்டின் கூடு ஒன்றே, உள்ளுருளை ஒன்றே, சுருள்வில் ஒன்றே. எல்லா உறுப்புகளையும் ஒரே அச்சில் ஆயிரக்கணக்காகச் செய்துவிட்டு, முளைகளின் நீளத்தை மட்டும் மாற்றினாற் போதும். துப்பாக்கித் தொழிலகங்களில் வளர்ந்த 'ஒன்றற்கொன்று ஈடாகும் உறுப்புகள்' என்னும் அமெரிக்க உற்பத்தி முறை பூட்டுக்குப் பொருந்தாது என்றே எவரும் எண்ணியிருப்பர். ஏனெனில் துப்பாக்கிகள் யாவும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும், பூட்டுகளோ ஒன்றுபோல் இருத்தலாகாது. ஒன்றுபோன்ற உறுப்புகளைக் கொண்டே ஒன்றுபோலாத பூட்டுகளை ஆக்க வழி கண்டமையே யேலின் சாதனை. கைவல்லுநனின் இரகசியம் இருந்த இடத்தில் எண்ணிக்கை வந்து அமர்ந்தது. திறவுகோலைப் பூட்டுக்கு அராவிப் பொருத்தும் வழமையும் தலைகீழாயிற்று: எண்ணை முதலில் தீர்மானித்தால் திறவுகோலும் பூட்டும் வெவ்வேறிடங்களில், ஒருவரையொருவர் அறியாத தொழிலாளராற் செய்யப்பட்டும் ஒன்றுக்கொன்று இசையும்.

ஆனால் கண்டுபிடிப்பு மட்டும் ஆலையை எழுப்பிவிடாது. 1860களில் இளைய யேல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஷெல்பேர்ண் போல்ஸ் என்னுமிடத்தில், டியபீல்ட் ஆற்றின் நீர்வலுவை அண்டித் தொழில் நடத்தினார். பங்காளரும் இருந்தனர். ஆயினும் நுண்ணளவுகளைப் பெருந்தொகையாகப் பேணுவதற்கு வேண்டிய பொறிகளும் மூலதனமும் அங்கு போதவில்லை. அவர் தேடியது பணம் படைத்த ஒருவரை மட்டுமன்று, பொறியியலும் அறிந்த ஒருவரை. 1868இல் அத்தகையவர் கிடைத்தார். பிலதெல்பியாவில் இயந்திரத் தொழிலதிபரொருவரின் மகனாகிய ஹென்றி றொபின்சன் ரௌன் அப்போது இருபத்துநான்கு வயதினர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் போர்க்கப்பல் இயந்திர வேலையில் அனுபவம் பெற்றவர். இருவரும் அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்திற் கூட்டுச் சேர்ந்தனர். கனெற்றிக்கற் மாநிலத்தின் ஸ்ரம்போர்ட்டில் தொழிற்சாலைக் கட்டடம் எழும்பத் தொடங்கியது.

அது முடிவுறுமுன், 1868 டிசெம்பர் 25ஆந் திகதி, நியூயோர்க் நகருக்கு அலுவலாகச் சென்றிருந்த யேல் மாரடைப்பால் இறந்தார். வயது நாற்பத்தேழு. கூட்டு ஏற்பட்டு மூன்று மாதமும் நிறையவில்லை.

தொழிலின் பொறுப்பு ரௌனின் கைக்கு வந்தது. ஏறத்தாழ முப்பது தொழிலாளரோடு தொடங்கிய நிறுவனம் அவர் தலைமையிலேயே பேராலையாயிற்று. 1883இல் அது 'யேல் அன்ட் ரௌன்' எனப் பெயர் மாறிற்று. ஸ்ரம்போர்ட் 'பூட்டு நகர்' என அழைக்கப்படலாயிற்று. ரௌன் பூட்டைக் கண்டுபிடித்தவரல்லர். அவர் கண்டுபிடித்தது ஆலையை நிருவகிக்கும் முறையை எனலாம். 1886இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் படித்த கட்டுரையில், பொறியியலாளன் ஒரு பொருளியலாளனாகவும் இருத்தல் வேண்டும் எனவும், தொழிற்சாலை நிருவாகம் பொறியியலுக்கு இணையான தனித்துறையாகக் கற்கப்படல் வேண்டும் எனவும் வாதிட்டார். செலவுச் சிக்கனத்தின் ஆதாயத்தைத் தொழிலாளருடன் பகிரும் திட்டமொன்றை 1889இல் விளக்கினார். பிரெடெரிக் ரெயிலர் பின்னர் 'விஞ்ஞான முகாமை' எனப் பரப்பிய கருத்துகளுக்கு இவை முன்னோடி. ரெயிலரின் நூலொன்றுக்கு ரௌனே முன்னுரையும் எழுதியுள்ளார். இருபதாம் நூற்றாண்டுத் தொழிலாளரின் ஒவ்வொரு நிமிடத்தையும் அளக்க முற்பட்ட முகாமைக் கோட்பாட்டின் தொட்டில்களுள் ஒன்று திறவுகோல் செய்யும் ஆலை என்பது தற்செயலன்று. எண்ணாக மாற்றப்பட்ட வேலையையே எண்ணி அளக்க முடியும்.

இவ்வாலையிற் பணியாற்றியோரைத் திறவுகோற் கொல்லர் என அழைப்பது பொருந்தாது. தகடு வெட்டுபவர், துளையிடுபவர், முளை நிரப்புபவர் என வேலை பிரிந்தது. வில்லென்ஹோல் கொல்லனைப் போல் அவர்கள் கூனவில்லை; அச்சிறு எசமானைப் போல் ஒரு பூட்டை முழுமையாகச் செய்யவும் அவர்கள் அறிந்திருக்கவில்லை. முன்னைய நிலையின் கொடுமையை மறந்து பின்னையதைப் பழிப்பது நேர்மையாகாது. அதேவேளை, ஆதாயப் பகிர்வைப் பேசிய நிறுவனத்தில் தொழிலாளர் தம் சங்கத்தை நிலைநிறுத்த நெடுங்காலம் போராட நேர்ந்தமையையும் மறக்கலாகாது. 1945 நவம்பரில் தொடங்கி மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது, 1946 சனவரி 3ஆந் திகதி ஸ்ரம்போர்ட் நகரத்தின் ஏனைய தொழிலாளரும் யேல் தொழிலாளருக்கு ஆதரவாகத் தம் வேலையை நிறுத்தி நகர மண்டபத்தின் முன் திரண்டனர்.

யேல் குடும்பத்துக்கு நேர்ந்தது யாது? இளைய யேலின் மகள் மடலின் யேல் வின் 1847இல், குடும்பப் பட்டறை இருந்த நியூபோட்டிலேயே பிறந்தவர். தந்தையின் பட்டறைச் சூழலில் உலோக வேலையோடு பழகி வளர்ந்த அவர், ஆலை முறைக்கு எதிராகக் கைவினையை மீட்க எழுந்த இயக்கத்தில் அமெரிக்காவின் முன்னோடிகளுள் ஒருவரானார். சிக்காகோவில் 1897இல் தோன்றிய கலை கைவினைச் சங்கத்தில் அவருக்குப் பங்குண்டு. பின்னர் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் டியபீல்டில், தந்தை தொழில் நடத்திய அதே ஆற்றின் பள்ளத்தாக்கில், கைவினைச் சங்கத்துக்குத் தலைமை தாங்கி, செம்பிலும் வெள்ளியிலும் தம் கையாலேயே கிண்ணங்களும் அணிகளும் செய்தார். அவர் செய்தவற்றுள் ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதில்லை. ஆலையின் பெயர்ப் பலகையில் யேல் இருந்தது. யேலின் கைத்திறன் ஆலைக்கு வெளியே, அவர் மகளிடம் இருந்தது. ஆயினும் அவர் ஆக்கிய அணிகளை வாங்கியோர் வசதி படைத்தோரே. தகட்டில் வெட்டிய திறவுகோலை வாங்கியோர் எல்லாரும்.

சப் குடும்பம் இதற்கு மறுதலையான வழியிற் சென்றது. சார்ள்ஸின் மகன் ஜோன், ஜோனின் மகன் ஜோர்ஜ் ஹெய்ற்றர் எனத் தலைமுறை தலைமுறையாகத் தொழில் குடும்பத்திலேயே தங்கிற்று. ஜோர்ஜ் 1927இற் பிரபுப் பட்டமும் பெற்றார். ஆனால் உற்பத்தி முறை விரைந்து மாறவில்லை. தொழிலாளர் அருகியிருந்தமையால் அமெரிக்கா பொறிகளை நாடியது, தொழிலாளர் மலிந்திருந்தமையால் இங்கிலாந்து கைவேலையிலே தங்கிற்று என்று 1962இல் ஹபக்குக் என்னும் பொருளியல் வரலாற்றாசிரியர் முன்வைத்த விளக்கம் பரவலாக விவாதிக்கப்பட்டது. வில்லென்ஹோலைக் கண்டோர் இவ்விளக்கத்தை எளிதில் ஒதுக்கமாட்டார். அரைவயிற்றுக் கஞ்சிக்கு அரம் பிடிக்கச் சிறுவர் கிடைக்கும்வரை எவர் பொறி வாங்குவார்? எனினும் அது மட்டும் போதிய விடையன்று. ஹொப்ஸ் 1851இன் பின் இலண்டனிலேயே தங்கிப் பொறியாற் பூட்டுச் செய்யும் தொழிலகத்தை நிறுவி நடத்தினார். இங்கிலாந்தில் அது முடியாத காரியமன்று என்பதற்கு இதுவே சான்று. சப் நிறுவனத்தின் வாடிக்கையாளர் அரண்மனையும் வங்கியும் சிறைச்சாலையுமாவர். தமக்கெனவே செய்யப்பட்ட பூட்டை விரும்பி, அதற்குரிய விலையைத் தரக்கூடியோர் இருந்தவரை கைப்பணியைக் கைவிட அக்குடும்பத்துக்குத் தேவை எழவில்லை. குடும்பம் நிலைத்தமையும் கைப்பணி நிலைத்தமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. யேல் தொழில் அவ்வளவு விரைவில் ஆலையானமைக்கு, அதன் தலைமை குடும்பத்தின் கையைவிட்டு அகன்றதும் ஒரு காரணமோ என ஐயுற இடமுண்டு.

யேல் அன்ட் ரௌன் நிறுவனம் 1929இல் வில்லென்ஹோலில் நெடுங்காலம் இயங்கிய வோன் சகோதரரின் பூட்டுத் தொழிலகத்தை விலைக்கு வாங்கிற்று. கூனிய கொல்லரின் பேரப்பிள்ளைகள் அங்கே யேல் உருளைகளைச் செய்தனர். 1950களின் இறுதியில் ஸ்ரம்போர்ட் ஆலை மூடப்பட்டது. 1963இல் நிறுவனத்தை ஈற்றன் என்னும் பெருநிறுவனம் கைப்பற்றியது. சப் நிறுவனம் 1984இல் ரக்கால் நிறுவனத்தின் வசமாயிற்று. 2000ஆம் ஆண்டில், யேல், சப் என்னும் இரு பெயர்களின் கீழும் நடந்த பூட்டுத் தொழில்களைச் சுவீடன் நாட்டின் அசா அப்லோய் நிறுவனம் ஒருங்கே வாங்கியது.